கிரிப்: மிரட்டலுக்கு அஞ்ச வேண்டாம், அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்



தவணைப் பணம் வாங்க லயத்துக்கு வருகிறவர்களின் வாயில் இப்போது அடிக்கடி வரும் சொல் ‘கிரிப்’. “இந்த வாரம் கட்டாவிட்டால் கிரிப்பில் போட்டுவிடுவோம், பிறகு எங்கேயும் கடன் கிடைக்காது” என்கிறார்கள். கேட்டவர் பயந்து, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுக்கிறார். தெரியாத ஒன்றைக் காட்டித்தான் மிரட்ட முடியும். ஆகவே, முதலில் அது என்னவென்று தெரிந்துகொள்வோம்.

கிரிப் என்பது இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைக்கப்பட்டது. வங்கிகளும் நிதி, லீசிங் கம்பனிகளும் தாங்கள் கொடுத்த கடன்களின் விபரத்தை அங்கே அனுப்புகின்றன. யார் எவ்வளவு எடுத்தார், எவ்வளவு மீதி, தவணை தவறியதா, யாருக்குப் பிணை நின்றார் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒழுங்காகக் கட்டியதும் பதிவாகும். அது கறுப்புப் பட்டியல் அல்ல. கடன் கொடுப்பதா இல்லையா என்று முடிவு செய்வது வங்கியே தவிர கிரிப் அல்ல. லயத்தில் வட்டிக்கு விடுகிற தனியாள் யாரையும் கிரிப்பில் போடவும் முடியாது.

ஆனால் அந்தப் பதிவு சரியாக இருக்கிறதா என்பதுதான் நமக்குப் பெரிய கேள்வி. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் அது பிழைத்துப்போகப் பல வழிகள் உண்டு. ஒரே தோட்டத்தில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் வேறெழுத்து. பழைய இலக்கம் ஒன்று, புதிய 12 இலக்கம் ஒன்று. கடன் தவணையைச் சம்பளத்தில் வெட்டும் இடங்களில், தோட்ட அலுவலகம் பணத்தைப் பிந்தி அனுப்பினால் தவறியவராகப் பதிவாவது தொழிலாளிதான். கடன் கம்பனியின் கடிதமோ தோட்ட அலுவலகத்துக்கு வருகிறது. லயத்துக்கு வந்து சேர நாளாகிறது, சில வேளை வருவதே இல்லை. வந்தாலும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருப்பதால், பாடசாலைக்குக் கொண்டுவந்து வாசித்துக் காட்டச் சொல்கிறார்கள்.

பிணை இன்னும் பெரிய விடயம். “பக்கத்துக் காம்பரா அக்காதானே, ஒரு கையெழுத்துத்தானே” என்று போடுகிறோம். அவர் கட்டாவிட்டால் அந்தக் கடன் நம் தலையிலும் விழும். பிள்ளைக்கு ஓட்டோ எடுக்கவோ, கூரை மாற்றவோ வங்கிக்குப் போகும்போதுதான் பழைய கையெழுத்து எதிரே வந்து நிற்கும்.

எனவே செய்ய வேண்டியது இதுதான்.

முதலாவது, உங்கள் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். தன்னைப் பற்றிய கிரிப் அறிக்கையை எவரும் கட்டணம் செலுத்திப் பெறலாம். கொழும்புக்குப் போகத்தான் வேண்டும் என்றில்லை. அடையாள அட்டையுடன் நீங்கள் கணக்கு வைத்திருக்கும் வங்கியில் விசாரியுங்கள்.

இரண்டாவது, நீங்கள் எடுக்காத கடனோ, கட்டி முடித்த கடனோ மீதியாகக் காட்டினால், அதை அனுப்பிய வங்கிக்கு அல்லது கம்பனிக்கு எழுத்தில் முறையிடுங்கள். பிரதியைக் கிரிப்புக்கும் அனுப்புங்கள். தகவலைக் கொடுத்தவர் திருத்தாமல் கிரிப் தானாக அதை மாற்றாது. வாயால் சொன்னால் போதாது. பிரதியொன்றில் கையொப்பமும் திகதியும் வாங்கி வையுங்கள்.

மூன்றாவது, பற்றுச்சீட்டுகளையும் சம்பளச் சீட்டுகளையும் எறிய வேண்டாம். கடன் முடிந்த அன்றே முடிந்ததற்கான கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

நான்காவது, வங்கியோ நிதிக் கம்பனியோ பதில் தராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு முறையிடலாம். தொலைபேசி இலக்கம் 1935. தமிழில் பேசக் கேளுங்கள். தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி. அது சலுகை அல்ல.

உண்மையாகவே தவணை தவறியிருந்தால் ஒளிந்துகொள்வதில் பயனில்லை. மழைக்காலத்தில் பால் வெட்டு இல்லை, பேர் விழுவதும் குறைவு. அதைச் சொல்லி, தவணையைக் குறைத்து நீட்டித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். பழைய கடனுக்காகப் புதுக்கடன் எடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான்.

தனியாகப் போனால் கவுண்டரிலேயே திருப்பி அனுப்பி விடுவார்கள். 2021இல் ஹிங்குராக்கொடையில் நுண்கடனால் பாதிக்கப்பட்ட பெண்கள் கூடிச் சத்தியாக்கிரகம் இருந்தபோதுதான் அவர்களின் கதையை நாடு கேட்டது. நமக்கும் அதுவே வழி. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் மாதர் சங்கமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்கட்டும். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கட்டும். தொழிலாளரின் கடிதங்களைப் பிந்தாமல் கொடுக்க வேண்டும், சம்பளத்தில் வெட்டிய பணத்தை உரிய நாளில் அனுப்ப வேண்டும் என்ற இரண்டு கோரிக்கைகளையும் தலைவர்மார் நிர்வாகத்தின் முன் எழுத்தில் வைக்க வேண்டும்.

1000 ரூபா நாட்சம்பளத்துக்காகப் பல ஆண்டுகள் போராடினோம். 2021 மார்ச்சில் அது வர்த்தமானியில் வந்தது. பாடுபட்டு உயர்த்திய சம்பளம் வட்டியிலும் பிழையான பதிவிலும் கரைந்து போக விடக்கூடாது. நம் பெயரில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது நம் உரிமை. இந்த மாதமே பார்ப்போம்.