சீட்டு இருந்தும் இடமில்லை

மைசூரு தசராவின் நிறைவு நாளான விஜயதசமியன்று, 750 கிலோ எடையுள்ள தங்க அம்பாரியில் சாமுண்டேஸ்வரி தேவியைச் சுமந்து யானை புறப்படும் காட்சியைக் காண, திம்பம் மலைப்பாதை ஏறி கோவையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் செல்லும் குடும்பங்கள் ஏராளம். சாலையோரத்தில் நின்று பார்க்கக் கட்டணம் இல்லை. அரண்மனை வளாகத்தில் அமர்ந்து பார்க்கத்தான் சீட்டு. 2025-ஆம் ஆண்டு தசராவுக்கு ஜம்பூ சவாரிச் சீட்டு ரூ. 3,500, பன்னிமண்டப மைதானத்தில் நடைபெறும் தீப்பந்த அணிவகுப்புக்கு ரூ. 1,500, தங்க அட்டை ரூ. 6,500 என்று விலை வைக்கப்பட்டு, விழாவின் அதிகாரபூர்வ வலைதளத்தில் விற்கப்பட்டன.

நடுத்தரக் குடும்பத்துக்கு இது சிறு தொகையல்ல. விலையும் தட்டுப்பாடும் ஒன்றுசேரும் இடத்தில் மோசடிக்காரன் கடை விரிப்பது இயல்பு. கிரிக்கெட், கால்பந்து, இசை நிகழ்ச்சி, தசரா என எதுவானாலும் உத்தி ஒன்றுதான். விற்றுத் தீர்ந்த மறுநாளே, "எங்களால் போக இயலவில்லை, வாங்கிய விலைக்கே தருகிறோம்" என்று சமூக வலைதளத்தில் ஒருவர் முளைப்பார். பாதித் தொகையை முன்பணமாகக் கேட்பார். நம்பிக்கை வர, செல்பேசியில் சீட்டின் படத்தையும் அனுப்புவார். அந்தப் படம் உண்மையான சீட்டின் படமாகவே இருக்கலாம் என்பதுதான் இதிலுள்ள சூழ்ச்சி. ஒரே கியூஆர் குறியீட்டைப் பத்துப் பேருக்கு அனுப்பிப் பத்துப் பேரிடமும் பணம் பெறலாம். வாசலில் முதலில் நீட்டியவர் உள்ளே போவார். மற்ற ஒன்பது பேருக்கும் "ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது" என்ற பதில்தான் கிடைக்கும். வாங்கிய மகிழ்ச்சியில் தன் சீட்டைப் படமெடுத்து ஊருக்குக் காட்டுபவரும், அறியாமலேயே அந்தக் குறியீட்டைத் தானம் செய்கிறார்.

அதிகாரபூர்வ தளத்தின் முகவரியைத் தேடுபொறி விளம்பரத்தின் வழியே அடையாமல் நேரடியாகத் தட்டச்சு செய்வது, முன்பின் அறியாத தனிநபரின் கணக்குக்குப் பணம் அனுப்பாதிருப்பது, ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்வது ஆகியவை வாங்குவோரின் கடமை. புகார் தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிவிடும்.

ஆனால், எச்சரிக்கையாக இருங்கள் என்று பொதுமக்களுக்கு உபதேசித்துவிட்டு விழா அமைப்பாளர்கள் ஒதுங்கிக்கொள்ள முடியுமா? சீட்டு வைத்திருந்தும் உட்கார இடமில்லை என்ற புகார் தசராவுக்குப் புதிதல்ல. விலைக்கு விற்ற சீட்டுகள் எத்தனை, முக்கியப் பிரமுகர்களுக்கும் அவர்தம் பரிந்துரைகளுக்கும் வழங்கப்பட்ட இலவச அனுமதிச் சீட்டுகள் எத்தனை, இருக்கைகள் எத்தனை என்ற கணக்கு முன்கூட்டியே வெளிப்படையாக இருந்தால்தான், வாசலில் வரும் கூடுதல் கூட்டம் போலிச் சீட்டால் வந்ததா, அளவுக்கு மீறி வழங்கியதால் வந்ததா என்று கண்டறிய இயலும். கணக்கு மறைந்திருக்கும் வரை, குற்றம் முழுவதையும் போலிச் சீட்டின் தலையில் கட்டிவிடுவது எளிது.

கால்பந்து உலகம் இதைக் கண்கூடாகப் பார்த்தது. 2022 மே 28-இல் பாரீசில் லிவர்பூல், ரியல் மாட்ரிட் அணிகள் மோதிய சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில், சீட்டு வாங்கியவர்களே வாசலில் நெரிசலில் சிக்கினர், கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. 30,000 முதல் 40,000 பேர் சீட்டின்றியோ போலிச் சீட்டுடனோ வந்ததே காரணம் என்றார் பிரான்சின் உள்துறை அமைச்சர். நுழைவாயிலில் பிடிபட்ட போலிகளின் எண்ணிக்கையோ 2,589. முதன்மைப் பொறுப்பு ஐரோப்பியக் கால்பந்து சங்கத்துடையதே என்று அந்தச் சங்கம் அமைத்த சுயேச்சைக் குழுவே 2023-இல் கூறிவிட்டது.

மைசூருக்கு அருகிலேயே இன்னும் கொடிய பாடம் இருக்கிறது. 2025 ஜூன் 4-இல் பெங்களூரு சின்னசாமி மைதானத்துக்கு வெளியே நெரிசலில் 11 பேர் மாண்டனர். எல்லோரும் வரலாம் என்ற அழைப்பு காலையிலேயே பரவிவிட, உள்ளே செல்ல அனுமதிச் சீட்டு தேவை என்ற அறிவிப்பு பிற்பகல் 3.14 மணிக்குத்தான் வெளியானது என்கிறது மாநில அரசு உயர் நீதிமன்றத்தில் அளித்த அறிக்கை. அங்கே போலிச் சீட்டு எதுவும் தேவைப்படவில்லை. குழப்பமே போதுமானதாக இருந்தது.

சட்டம் இல்லாமலில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதையின் 112-ஆவது பிரிவு, கும்பலாக இயங்கி அனுமதியின்றிச் சீட்டு விற்பதைச் சிறு அமைப்புசார் குற்றமாகக் கருதி, ஓராண்டு முதல் ஏழாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. அனுமதியற்ற விற்பனை குற்றம் என்றால், அனுமதி பெற்று விற்பவர் யார் என்பது ஊரறிந்ததாக இருக்க வேண்டாமா? வர இயலாமல் போனவர் சீட்டைத் திருப்பித் தரவும் நேர்மையான ஒரு வழி வேண்டும். அதுவும் 2026 உலகக் கோப்பைக்கு ஃபிஃபா செய்ததுபோல், மறுவிற்பனையில் வாங்குபவரிடம் 15 சதவீதம், விற்பவரிடம் 15 சதவீதம் என்று அமைப்பாளரே கள்ளச் சந்தைக்காரரின் லாபத்தை எடுத்துக்கொள்ளும் வழியாக இருக்கக் கூடாது.

அடுத்த தசராவுக்கு விற்பனை தொடங்கும் நாளிலேயே மைசூரு மாவட்ட நிர்வாகம் மூன்று எண்களை வெளியிடலாம்: அரண்மனை வளாகத்தின் மொத்த இருக்கைகள், விற்பனைக்கு உரியவை, இலவசமாக ஒதுக்கப்பட்டவை. இதற்குப் புதிய சட்டமோ, கூடுதல் செலவோ தேவையில்லை.