மரத்துக்கும் மூச்சு முட்டும்!

பெரிய காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோவிலின் தலமரம் மாமரம். 'ஏக ஆம்ரம்' என்றால் ஒற்றை மாமரம். சாமிக்கே அதிலிருந்துதான் பெயர் வந்தது என்பார்கள்.

மரத்தைக் கும்பிடும் மக்களே, தெருவோர வேப்ப மரத்துக்கு அடிவரை சிமெண்டு பூசுகிறார்கள். இது நியாயமா?

மண் தரையைத் திமிசுக் கட்டையால் இடிப்பார்கள். இடித்த இடத்தில் புல் முளைக்குமா? மண்ணுக்குள் இருந்த காற்று போய்விடுகிறதே! மரத்தடியில் ஓயாமல் நடக்கும் கால்களும், நிறுத்தி வைக்கும் வண்டிகளும் அந்த வேலையைத்தான் செய்கின்றன. மழைத் தண்ணீரும் உள்ளே இறங்காமல் ஓடிவிடுகிறது.

வேர் ஆழத்தில்தானே இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். தவறு! தண்ணீரை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் ஒன்றரை அடிக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றுக்குக் காற்று வேண்டும். இல்லாவிட்டால் கிளை நுனியிலிருந்து காயத் தொடங்கும்.

டில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் சிமெண்டை அகற்றும்படி, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ம் ஆண்டில் உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ஆனால் பெரிய மரத்துக்கு அது போதாது. வேர், கிளை நிழலையும் தாண்டிப் போகும்.

இறுகிய மண்ணை மண்வெட்டியால் வெட்டினால் வேர் அறுந்துவிடும். லேசான ஈரம் இருக்கும்போது, அடிமரத்தை விட்டுத் தள்ளி, கடப்பாரையால் அங்கங்கே ஓரடி ஆழம் குத்தி, மக்கிய எருவைப் போட வேண்டும். மேலே சருகைப் பரப்பினால் மிச்ச வேலையை மண்புழு பார்த்துக்கொள்ளும். அந்தச் சருகைத்தான் கூட்டிக் கொளுத்துகிறார்கள்! அது மரத்தின் சோறு அல்லவா?

அப்படியானால் மரத்தைச் சுற்றிக் கும்பிடக் கூடாதா? தாராளமாகக் கும்பிடலாம். நிழலின் ஓரமாகச் சுற்றி வந்தால் சாமி கோபித்துக்கொள்ளாது.