சாரமும் கில்ட்டும்: யாருடைய தூண்டில் விளையாட்டு?

ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவர் கில்ட் அணிந்து, முழங்கால் அளவு நீரில் நின்று ட்ரவுட் மீனுக்குத் தூண்டில் எறிந்தால் உலகம் அதனைப் பொழுதுபோக்கு என்கிறது. ரசனை என்கிறது. படம் பிடித்து நாட்காட்டியில் அச்சிடுகிறது. எங்கள் முசலிப் பிரதேசத்தில், அருவியாறு கடலோடு கலக்கும் இடத்துக்கு அண்மையில், அரிப்புக்காரர் ஒருவர் சாரத்தைச் சண்டிக்கட்டாக மடித்துக் கட்டிக்கொண்டு அதே முழங்கால் நீரில் நின்று கொடுவாவுக்குத் தூண்டில் எறிந்தாலோ, அதற்கு வைக்கப்படும் பெயர் ‘வாழ்வாதாரம்’. திட்ட அறிக்கைகளில் அவர் ‘பயனாளி’. அவருக்கும் அந்த மாலைப் பொழுது இனிமையாக இருக்கக்கூடும் என்ற எண்ணம் அறிக்கை எழுதுவோரின் புத்தியில் ஒருபோதும் தட்டுவதில்லை.

இதனை இப்போது எழுத நேர்ந்ததற்கு வெளிநாட்டில் வாழும் நண்பர் ஒருவர் காரணம். விடுமுறைக்கு ஸ்கொட்லாந்து சென்றவர், வாடகைக்குக் கில்ட் வாங்கி உடுத்திக்கொண்டு ஆற்றில் இறங்கி மீன் பிடித்த படங்களை எனக்கு அனுப்பியிருந்தார். ‘என்ன சுகம், என்ன கம்பீரம்!’ என்று ஒரு குறிப்பும் இருந்தது. மகிழ்ச்சி. அவருடைய சுகத்தில் எனக்கு எந்தக் காழ்ப்பும் இல்லை. ஆனால் இதே நண்பர்தான், தம்மை வழியனுப்பக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குச் சாரத்தோடு வந்த சொந்தச் சித்தப்பாவை வாகனத்தைவிட்டு இறங்க வேண்டாம் என்று தடுத்தவர். சித்தப்பாவின் சாரமும் மருமகனின் கில்ட்டும் இடுப்பைச் சுற்றி வரும் துணிகள்தாமே? ஒன்றில் கொசுவம் உண்டு, மற்றொன்றில் இல்லை. வேறுபாடு அவ்வளவே.

கில்ட்டின் கம்பீரம் எங்கிருந்து வந்தது என்பதை நண்பர் அறிவாரோ தெரியவில்லை. 1745ஆம் ஆண்டுக் கிளர்ச்சி தோற்கடிக்கப்பட்ட பின்னர், 1746இல் பிரித்தானியப் பாராளுமன்றம் இயற்றிய சட்டம் ஸ்கொட்லாந்து மலைநாட்டு ஆண்களும் சிறுவர்களும் கில்ட் அணிவதைக் குற்றமாக்கியது. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை. இரண்டாம் முறை பிடிபட்டால் ஏழாண்டு நாடுகடத்தல். இச்சட்டம் 1782இல்தான் நீக்கப்பட்டது. அதன் பின் நாற்பது ஆண்டுகள் கழித்து, 1822இல், நான்காம் ஜோர்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது நாவலாசிரியர் வோல்டர் ஸ்கொட்டின் ஏற்பாட்டில் மன்னரே கில்ட் தரித்தார். காட்டுமிராண்டிகளின் உடை என்று பழிக்கப்பட்டது ஒரே வாரத்தில் சீமான்களின் உடையாயிற்று!

அதே காலத்தில் அந்த உடைக்கு உரியவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதே நாம் கவனிக்க வேண்டியது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை மலைநாட்டுக் குடியானவர்கள் தங்கள் பள்ளத்தாக்குகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். முதலில் ஆடு வளர்ப்பதற்காக. பின்னர் மான் வேட்டைக்கும் சமன் மீன் பிடிப்புக்குமாக. ஆளற்ற ஆற்றங்கரைகள் செல்வந்தரின் விளையாட்டுத் தோட்டங்களாயின. விக்டோரியா மகாராணி குடும்பம் டீ நதிக்கரையில் பல்மோரல் தோட்டத்தை 1852இல் வாங்கியது. கில்ட் உடுத்திய பிரபு சமன் பிடித்தால் விளையாட்டு வீரர். கில்ட் தடைசெய்யப்பட்ட குடியானவரின் பேரன் அதே ஆற்றில் ஒரு சமனைப் பிடித்தால் மீன் திருடன். சாரத்துக்கும் கில்ட்டுக்கும் இடையிலான உறவை நான் தேடுவது இங்கேதான். துணியின் வடிவம் எனக்கு இரண்டாம் பட்சம்.

அந்த விளையாட்டு நம் நாட்டுக்கும் கப்பலேறி வந்தது. தேயிலைத் தோட்டத் துரைமாரில் பெருந்தொகையினர் ஸ்கொட்லாந்துக்காரர்கள். 1867இல் லூல்கொந்துறையில் முதல் வர்த்தகத் தேயிலையைப் பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரும் அவர்களில் ஒருவரே. அக்கரப்பத்தனையில் இன்றும் ஒரு பல்மோரல் தோட்டம் இருக்கிறது. ஊர்ப்பெயர்களோடு மீனையும் கொண்டுவந்தனர். 1880களில் ட்ரவுட் முட்டைகள் பனிக்கட்டியில் பொதிந்து வரவழைக்கப்பட்டு நுவரெலியா நீரோடைகளில் விடப்பட்டன. பழுப்பு ட்ரவுட் இங்கே சரிவரப் பெருகாததால் பின்னர் வானவில் ட்ரவுட்டையும் கொண்டுவந்தார்கள். ஹோட்டன் சமவெளிவரை அவை பரவின. உள்ளூர்ச் சிறு மீன்களும் நன்னீர் இறால்களும் அதற்கு இரையாயின என்பது உயிரியலாளரின் முறைப்பாடு. துரை தூண்டில் எறிவதற்காக ஆற்றின் உயிர்களையே மாற்றி வைத்தார்கள். கொழுந்து பறித்த நம்மவருக்கு அந்த ஆற்றில் எந்தப் பங்கும் வைக்கப்படவில்லை.

அந்தத் தூண்டிலின் நுட்பத்தை நான் குறைத்து மதிப்பிடுவதாக எவரும் எண்ண வேண்டாம். இறகும் நூலும் கொண்டு ஈயைப் போலச் சோடித்த தூண்டில்முள்ளுக்கு எடையே கிடையாது. எடை முழுவதும் கயிற்றில் இருக்கிறது. கயிற்றைத் தலைக்கு மேல் முன்னும் பின்னும் வீசி, ஈ ஒன்று தானாக வந்து நீரில் அமர்வதைப் போல இறக்க வேண்டும். வருடக்கணக்கான பயிற்சி தேவை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீச்சு வலையை முழங்கையில் மடித்தேற்றி, ஓர் ஓரத்தைப் பல்லில் கவ்வி, உடலைத் திருப்பி எறிந்து, அது நீரைத் தொடும் கணத்தில் முழு வட்டமாக விரிய வைப்பதற்கு எத்தனை வருடப் பயிற்சி தேவை? மணலைக் கூட்டம் எந்தப் பக்கம் திரும்பும் என்பதை நீரின் நிறத்தைக் கொண்டு அறிவதற்கு? இறகு கட்டிய பொய்யிரையைப் படகின் பின்னால் இழுத்துப் பாரையை ஏமாற்றும் வித்தை நம் கடலோடிகளுக்குப் புதியதும் அல்ல. (பிடித்த மீனை முள்ளைக் கழற்றி மீண்டும் ஆற்றில் விடும் வழக்கத்தைப் பற்றி என் அபிப்பிராயம் கேட்காதீர்கள். தின்னாத மீனின் வாயைக் கிழிப்பது நாகரிகம் என்று எனக்கு எவரும் இதுவரை நிரூபித்ததில்லை.)

நிற்க.

‘இந்தியாவிலிருந்து வரும் இழுவைப் படகுகள் வலைகளை அறுத்துக்கொண்டு போகின்றன, எரிபொருள் விலை ஏறிக் கிடக்கிறது, இந்த நேரத்தில் மீனவனின் பொழுதுபோக்கைப் பற்றிப் பத்தி எழுதுகிறீரே’ என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விபோல் தோன்றும். ஆனால் முசலியின் கடந்த காலத்தை அறிந்தவர்கள் இக்கேள்வியைக் கேட்க மாட்டார்கள்.

1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, முசலியின் ஊர்களும் வெறிச்சோடின. சிலாவத்துறையும் மறிச்சுக்கட்டியும் கொண்டச்சியும் புத்தளத்து முகாம்களில் ஒரு தலைமுறையைக் கழித்தன. முள்ளிக்குளத்துக் கத்தோலிக்க மக்கள் 2007 செப்டெம்பரில் இராணுவ நடவடிக்கையின்போது வெளியேற்றப்பட்டனர். அவர்களுடைய ஊர் கடற்படையின் வடமேற்குக் கட்டளைத் தலைமையகமாயிற்று. 2017 மார்ச்சில் அவர்கள் தொடர் போராட்டத்தில் அமர்ந்த பின்னரே, ஏப்ரல் இறுதியில் 100 ஏக்கரை விடுவிப்பதாக அறிவிப்பு வந்தது. அவர்கள் கேட்டது வீட்டையும் வயலையும் மட்டுமல்ல, கரைவலைப் பாடுகளையும்தான்.

போர்க்காலத்தில் இக்கரைகளில் செய்தி சேகரித்தவன் என்ற வகையில் சொல்கிறேன். கடலில் இறங்கப் பாஸ் வேண்டும். குறித்த நேரத்துக்குள் திரும்ப வேண்டும். தொழிலுக்குப் போகிறேன் என்றால் ஒருவேளை விடுவார்கள். ஆனால் மாலையில் ஒருவன் கரையில் தூண்டிலோடு நின்றால், ‘ஏன் இங்கே நிற்கிறாய்?’ என்ற கேள்விக்கு அவனிடம் இருந்த ஒரே பதில் ‘சும்மா’ என்பதுதான். அந்தப் பதிலை எந்தத் துப்பாக்கியும் ஏற்றுக்கொண்டதில்லை. சும்மா நிற்பவன் சந்தேக நபர். எனவே இரண்டு தசாப்தங்களுக்கு மேல் இந்தக் கரையில் சும்மா மீன் பிடிப்பது வழக்கொழிந்து போயிற்று. இன்று ஒருவர் அரிப்புக் கரையில் சாரத்தோடு நின்று, அகப்பட்டால் கறி, அகப்படாவிட்டால் காற்று என்று தூண்டில் போடுகிறார் என்றால், அது வாழ்வாதாரத்தைக் காட்டிலும் பெரிய விடயம். அவருடைய ஊர் அவருக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று எந்தப் புள்ளிவிபரத் திணைக்களத்திடமும் இல்லை.

அவரைத்தான் ஓர் அலுவலகத்தின் (பெயர் வேண்டாம்) வாசலில் நிறுத்தி, ‘களிசான் போட்டுக்கொண்டு வாரும்’ என்று ஓர் இளம் உத்தியோகத்தர் சொல்வதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். உத்தியோகத்தரும் நம்மவரே. அவருடைய தகப்பனாரும் வீட்டில் சாரம் கட்டுபவராகத்தான் இருப்பார். கொழும்பின் சில உணவகங்களும் மதுக்கூடங்களும் சாரம் அணிந்தோரை வாசலிலேயே திருப்பி அனுப்பியதாகப் பலமுறை சர்ச்சை எழுந்ததுண்டு. சென்னையில் 2014 ஜூலையில் கிரிக்கெட் சங்க மன்றமொன்று வேட்டி கட்டிய உயர்நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே தமிழகச் சட்டமன்றம் அதற்கெதிராகச் சட்டம் இயற்றியது. நல்லது. ஆனால் தடுக்கப்பட்டவர் நீதிபதியாக இல்லாமல், வேட்டிக்குப் பதில் கைலி கட்டிய மீனவராக இருந்திருந்தால் சட்டமன்றம் கூடியிருக்குமா?

ஆனந்த குமாரசுவாமி 1905இலேயே ஐரோப்பிய உடை மோகத்தைக் கண்டித்துச் சிறு பிரசுரம் வெளியிட்டார். அவருடைய தாயார் ஆங்கிலேயப் பெண்மணி. ஆகவே அது வெள்ளையர் மீதான வெறுப்பு அன்று. நூறாண்டுகளுக்குப் பின்னரும் அவர் சொன்னதில் நாம் பாதியைத்தான் கேட்டிருக்கிறோம். ஐரோப்பியரின் உடையை விட்டுவிடச் சித்தமாயிருக்கிறோம். ஐரோப்பியர் எதை உடுத்தாலும் அது கௌரவம் என்ற எண்ணத்தை விடச் சித்தமில்லை.

உல்லாசப் பயணத்துறையினருக்கு ஒரு வார்த்தை. இந்தக் கரைக்குத் தூண்டில்காரர்களை அழைத்து வரும் யோசனை உங்களுக்கு என்றாவது உதிக்கும். ஆற்று முகமும் முருகைக் கற்பார்களும் உள்ள இடத்தில் உதிக்காமல் இராது. வரட்டும். கில்ட் அணிந்தே வரட்டும். எங்கள் வெயிலுக்கு அந்தக் கம்பளித் துணி எத்தனை நாழிகை தாங்கும் என்று பார்ப்போம். ஆனால் கரைக்குப் போகும் ஒழுங்கைகளை வேலியடைத்து, விடுதிக்குரியவை என்று பலகை நட வேண்டாம். அந்திப் பொழுதில் அங்கே ஏற்கெனவே நிற்பவரைச் சுற்றுலாப் பிரசுரத்தின் படத்துக்காக ஓரம் போகச் சொல்லவும் வேண்டாம். மீன் எங்கே நிற்கும் என்று உங்கள் விருந்தாளி அவரிடம் கேட்டால் சொல்லித் தருவார். அதற்குக் கூலி கேட்க மாட்டார். வேண்டுமானால் ஒரு தூண்டில்முள் கேட்பார்.