டிஸ்சார்ஜ் ஆன மறுநாள் யார் வருவார்? பக்கவாத ஆய்வுகள் விட்டுவைத்த கேள்விக்கு வடசென்னை பதில் சொல்லலாம்

"அப்பாவுக்குக் காலையில ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு." இப்படி ஒரு போன் வந்தால் குடும்பமே ஓடும். 108, ஸ்கேன், ஐசியூ, ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி என்று முதல் சில நாள்கள் உயிருக்கான போராட்டம். பிறகு டிஸ்சார்ஜ். கையில் மாத்திரைச் சீட்டு. அதன் கடைசி வரியில், 'தினமும் பிசியோதெரபி'.

சிக்கல் அந்தக் கடைசி வரியில்தான் தொடங்குகிறது.

வந்தவர் கண்டெய்னர் லாரி ஓட்டுபவர் என்று வைத்துக்கொள்வோம். அல்லது காசிமேட்டில் விசைப்படகில் போகிறவர், எண்ணூரில் ஒப்பந்தத் தொழிலாளி. வீடு இரண்டாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. பிசியோதெரபிக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு பேர் தூக்கி இறக்க வேண்டும், ஆட்டோவுக்குக் காசு வேண்டும், கூடப் போகிறவர் ஒரு நாள் கூலியை விட வேண்டும். இரண்டு வாரம் போவார்கள். அப்புறம் 'வீட்டிலேயே செஞ்சுக்கலாம்' என்பார்கள். ஒரு பக்கவாதம் இப்படித்தான் இரண்டு சம்பளத்தைச் சாப்பிடுகிறது. ஒன்று படுத்தவருடையது, இன்னொன்று அவரைப் பார்த்துக்கொள்பவருடையது. அந்த இன்னொருவர் பெரும்பாலும் மனைவி அல்லது மகள்.

வீட்டில் செய்வது போதுமா? இதே கேள்வியை உலகின் பெரிய பக்கவாத ஆய்வு ஒன்று இந்தியாவில் வைத்தே கேட்டிருக்கிறது. கிடைத்த பதில் பலருக்கும் ஏமாற்றம் தந்தது. ஆனால், அந்த ஆய்வு பதில் சொல்லாமல் விட்டுவைத்த இன்னொரு கேள்வி இருக்கிறது. அதற்குப் பதில் தேட நம் ஊரைப்போல வசதியான இடம் குறைவு.

மூளை எப்போது மீள்கிறது?

ரத்தம் கிடைக்காமல் செத்துப்போன மூளைச் செல்கள் திரும்பி வருவதில்லை. ஆனால், சுற்றியுள்ள பகுதிகள் புதிய இணைப்புகளை உருவாக்கி, போன வேலையில் ஒரு பங்கைக் கற்றுக்கொள்கின்றன. கற்றுக்கொள்ள வைப்பது பயிற்சி. டம்ளரைத் தூக்க வேண்டும் என்றால் டம்ளரைத் தூக்கித்தான் பழக வேண்டும், திரும்பத் திரும்ப.

இந்த மீட்சியை எப்படி அளப்பது, எந்தக் கட்டத்தை என்ன பெயரில் சொல்வது என்பதில்கூட ஆய்வாளர்களிடம் நீண்ட காலம் ஒற்றுமை இல்லை. ஆளுக்கொரு அளவுகோல் வைத்திருந்ததால் ஒரு நாட்டு முடிவை இன்னொரு நாட்டு முடிவோடு ஒப்பிட முடியவில்லை. 2016இல் ஆஸ்திரேலியாவின் ஜூலி பெர்ன்ஹார்ட் தலைமையில் பல நாட்டு நிபுணர்கள் கூடிப் பேசி, 2017இல் பொதுவான வரையறைகளை வெளியிட்டார்கள். முதல் 24 மணி நேரம் ஒரு கட்டம், 7 நாள் வரை அடுத்தது, பிறகு 3 மாதம் வரை, 6 மாதம் வரை, அதற்குப் பிறகு என்று ஐந்து கட்டங்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது 7 நாளிலிருந்து 3 மாதம் வரையான கட்டம். மூளை மாற்றத்துக்கு அதிகமாக இடம் கொடுக்கும் காலம் இது. நம் குடும்பங்களில் நோயாளி வீட்டில் தனியாகப் படுத்திருக்கும் காலமும் இதுதான்.

ஏன் பல நாடுகள் சேர வேண்டும்?

2011இல் பிரான்சில் 118 நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வு, மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளூஆக்ஸெடின் மாத்திரை கை கால் அசைவைத் திரும்பப் பெற உதவுகிறது என்றது. விலை குறைந்த மாத்திரை என்பதால் உலகமெங்கும் நம்பிக்கை பிறந்தது.

118 பேரை வைத்து முடிவு கட்ட முடியாது என்று மூன்று குழுக்கள் ஒரே மாதிரித் திட்டத்தோடு இறங்கின. பிரிட்டனில் 3,127 பேர், சுவீடனில் 1,500 பேர், ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, வியட்நாம் மூன்றிலும் சேர்த்து 1,280 பேர். 2018இலும் 2020இலும் முடிவுகள் வந்தன. அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில் எந்த முன்னேற்றமும் இல்லை. மாறாக, எலும்பு முறிவு கூடியிருந்தது.

இன்னொன்று, 'சீக்கிரம் எழுப்பி நடக்கவிட்டால் சீக்கிரம் குணமாகும்' என்ற நம்பிக்கை. 5 நாடுகள், 56 மருத்துவமனைகள், 2,104 நோயாளிகள் என்று நடந்த 'அவெர்ட்' ஆய்வு 2015இல் வேறு விதமாகச் சொன்னது. முதல் 24 மணி நேரத்துக்குள் தீவிரமாக எழுப்பி நடக்கவைத்தவர்களில் 46% பேர் 3 மாதத்தில் நல்ல நிலையில் இருந்தார்கள். வழக்கமான கவனிப்பில் அது 50%. அவசரம் உதவவில்லை, கெடுத்தது.

நல்லது என்று மருத்துவர்களே நம்பிய இரண்டு விஷயங்கள் இப்படித்தான் சோதனையில் தோற்றன. ஒரு மருத்துவமனை தனியாக இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

இந்தியா கேட்ட கேள்வி

நம் நாட்டில் பிசியோதெரபிஸ்ட்கள் குறைவு, குடும்பங்கள் பெரியவை. அப்படியானால் குடும்பத்தினருக்கே பயிற்சி கொடுத்துவிட்டால் என்ன? இதுதான் 'அட்டெண்ட்' ஆய்வு. ஆஸ்திரேலிய அரசின் ஆராய்ச்சி நிதியில், சிட்னியின் ரிச்சர்ட் லிண்ட்லியும் லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஜெயராஜ் பாண்டியனும் முன்நின்று நடத்தினார்கள். 2014 ஜனவரி முதல் 2016 பிப்ரவரி வரை, இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள்.

குலுக்கல் முறையில் இரண்டு குழு. ஒன்றுக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொன்றில் அதோடு சேர்த்து, நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கு மருத்துவமனையிலேயே பயிற்சி தொடங்கி, வீட்டிலும் 2 மாதம் வரை தொடர்ந்தது.

2017இல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. 6 மாதத்துக்குப் பின் இரண்டு குழுவிலும் 47% பேர் இறந்திருந்தார்கள், அல்லது அடுத்தவர் உதவியை நம்பியிருந்தார்கள். வித்தியாசமே இல்லை.

'அப்ப வீட்டுல பயிற்சி செய்றது வேஸ்ட்டா?' என்று கேட்டால், இல்லை. அந்த ஆய்வு சோதித்தது பயிற்சியை அல்ல, பயிற்சியின் பொறுப்பைக் குடும்பத்தின் தலையில் வைப்பதை. சமையல், வேலை, குழந்தை, கடன் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு மனைவி பிசியோதெரபிஸ்ட்டாகவும் ஆக வேண்டும் என்று எதிர்பார்ப்பது நடக்கவில்லை. ஆய்வாளர்களே முடிவுரையில், குடும்பத்துக்குப் பொறுப்பை மாற்றும் சேவைகளில் இப்போதைக்கு முதலீடு செய்ய ஆதாரம் இல்லை என்றார்கள். அடுத்து ஆராய வேண்டியதையும் சொன்னார்கள்: சுகாதார உதவியாளர்கள், சமூக அளவில் குழுவாக இயங்கும் கவனிப்பு.

அதாவது, ஆஸ்பத்திரியும் அல்ல, குடும்பம் மட்டும் அல்ல. நடுவில் ஓர் ஆள்.

அந்த ஆள் தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறார்

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறது. பலரும் கவனிக்காத விஷயம், அதே திட்டத்தில் வீட்டுக்கு வந்து செய்யும் பிசியோதெரபியும் இருக்கிறது. 2024இல் ஐ.நா. அமைப்பின் விருதும் இதற்குக் கிடைத்தது.

'அட்டெண்ட்' விட்டுவைத்த கேள்வியின் உருவம்தான் இது. வெளிநாட்டு ஆய்வுக் குழு புதிதாகக் கட்டியெழுப்ப வேண்டிய அமைப்பு, இங்கே அரசின் சம்பளத்தில் தெருத்தெருவாக நடந்துகொண்டிருக்கிறது. வாரத்துக்கு எத்தனை முறை வந்தால் பலன்? எத்தனை வாரம்? முதல் 3 மாதத்துக்குள் வந்தால் எவ்வளவு வித்தியாசம்? இவற்றுக்கு முறையான ஆய்வு வேண்டும்.

சென்னைக்கு இது புதிதும் அல்ல. லண்டனின் ஹைஜீன் அண்ட் டிராபிகல் மெடிசின் கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர் சுரேஷ்குமார் கமலக்கண்ணனும் குழுவினரும், பக்கவாதத்துக்குப் பிறகு வீட்டில் செய்ய வேண்டியவற்றை ஸ்மார்ட்போனில் கற்றுத்தரும் 'கேர் ஃபார் ஸ்ட்ரோக்' முயற்சியைச் சென்னையில்தான் சோதித்துப் பார்த்தார்கள். நாடு முழுவதும் 31 மையங்களில் 4,298 பேரிடம் நடந்த 'ஸ்பிரின்ட் இந்தியா' ஆய்வு, 12 மொழிகளில் குறுஞ்செய்தி, வீடியோ, கையேடு அனுப்பியது. பழக்கவழக்கத்திலும் மாத்திரை ஒழுங்கிலும் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால், ஓராண்டில் மறுபடி பக்கவாதம், மாரடைப்பு வருவது குறையவில்லை. போன் உதவும், ஆனால் ஆளுக்குப் பதில் ஆகாது என்பதே நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்.

ஏன் வடசென்னை?

மாநகராட்சியின் திருவொற்றியூர், மணலி, தண்டையார்பேட்டை, ராயபுரம் மண்டலங்கள் ஒட்டியே இருக்கின்றன. நடுவில் ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. துறைமுகம், அனல்மின் நிலையம், சுத்திகரிப்பு ஆலை என்று உடலுழைப்பை நம்பிய மக்கள். ரத்த அழுத்தம், புகையிலை, மது ஆகியவற்றோடு காற்று மாசும் பக்கவாதத்துக்கான ஆபத்துக் காரணி என்பது உலக அளவில் உறுதியான விஷயம். எண்ணூர்க்காரர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

'குணமாவது' என்பதன் பொருளும் இங்கே வேறு. சிட்னியில் குணமாவது என்றால் தானாகக் குளிப்பது, காரில் ஏறுவது. காசிமேட்டில் குணமாவது என்றால் ஆடும் படகில் நிற்பது, வலை இழுப்பது. அந்த அளவுகோலை மெல்போர்னில் யாரும் எழுதித் தர மாட்டார்கள். நாம்தான் எழுத வேண்டும்.

எனவே நாம் அரசிடம் கேட்பது மூன்று. ஒன்று, பக்கவாத நோயாளி டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே அவர் பெயர் அவருடைய வார்டின் மக்களைத் தேடி மருத்துவக் குழுவுக்குப் போக வேண்டும். இரண்டு, 3 மாதத்திலும் 6 மாதத்திலும் அவர் நிலையை ஒரே அளவுகோலில் பதிய வேண்டும். மூன்று, வெளிநாட்டு நிறுவனங்களோடு சேரும்போது கேள்வியும் தரவும் இங்கே இருக்க வேண்டும். நோயாளிகளை மட்டும் கொடுத்துவிட்டு முடிவை இதழில் படித்துத் தெரிந்துகொள்வது கூட்டு முயற்சி ஆகாது.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியவை

- முகம் கோணல், கை தளர்வு, பேச்சுக் குழறல் தெரிந்தால் உடனே 108. கட்டைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் அவகாசம். தண்ணீரோ மாத்திரையோ வாயில் கொடுக்காதீர்கள், புரையேறும்.
- வீட்டுக்கு வந்த பிறகு, தளர்ந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். தோள்பட்டை நழுவும்.
- டிஸ்சார்ஜுக்கு முன்பே உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார மையத்தில் வீட்டுப் பிசியோதெரபி கேளுங்கள்.
- இஎஸ்ஐ உள்ளவர் என்றால், ஒரு பக்க வாதம் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருக்கிறது. தகுதி இருந்தால் 2 ஆண்டு வரை 80% ஊதியம் கிடைக்கும்.
- சிரிப்பும் பேச்சும் குறைந்துவிட்டால் 'கவலையில இருக்காரு' என்று விட்டுவிடாதீர்கள். பக்கவாதத்துக்குப் பின் மனச்சோர்வு சகஜம், சிகிச்சையும் உண்டு.

உயிரைக் காப்பாற்றும் மருத்துவத்தில் நாம் நிறைய முன்னேறிவிட்டோம். காப்பாற்றிய உயிர் இரண்டாவது மாடியில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால், வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. மீதிப் பாதிக்கான ஆள் ஏற்கெனவே அந்தத் தெருவுக்கு மாத்திரை கொடுக்க வருகிறார். அவரை மாடி ஏற வைப்பதுதான் பாக்கி.