தாய், நாய், கணனி: 'வெறும் ஸ்பெல்லிங்' என்று சிரிக்கிறவர்களுக்கு

"ரைப்போ திருத்தினதெல்லாம் ஒரு கொன்ரிபியூஷனாடா?"

கம்ப்யூட்டர் படிக்கிற நண்பர்கள் கேட்கிற கேள்வி இது. கலைப்பீடத்து ஆள் ஒருத்தர் ஏதோ ஒரு திறந்த மூல மென்பொருளின் வழிகாட்டியில் எழுத்துப்பிழை திருத்தினேன் என்று சொன்னால், அவங்கட முகத்தில் ஒரு சிரிப்பு வரும். கல்யாண வீட்டில் வெங்காயம் உரிக்கிற பிள்ளையைப் பார்த்து வருகிற சிரிப்பு. கோட் எழுதுறவன் சமைக்கிறான், நீ உரிச்சுக்கொண்டிரு.

நியாயமாகச் சொன்னால், அந்த இளக்காரத்துக்கு ஒரு வரலாறு இருக்கு. டிஜிட்டல்ஓஷன் என்ற நிறுவனம் 2014இல் ஹக்டோபர்ஃபெஸ்ட் என்று ஒன்றைத் தொடங்கியது. ஒக்டோபர் மாதத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையான புல் ரிக்குவெஸ்ட், அதாவது 'இந்த மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்ற கோரிக்கை, அனுப்பினால் ரீசேர்ட். 2020இல் நாலு அனுப்பினால் போதும். அந்த வருஷம் அது நாறிப்போனது. சம்பந்தமே இல்லாத திட்டங்களின் முகப்புக் கோப்பில் 'அருமையான புரொஜெக்ட்' என்று ஒரு சொல்லைச் செருகிவிட்டு ரீசேர்ட்டுக்குக் காத்திருந்தார்கள். சம்பளமில்லாமல் அந்தத் திட்டங்களைப் பராமரிக்கிறவர்கள் குப்பை கூட்டியே களைத்துப்போனார்கள். விருப்பம் சொன்ன திட்டங்கள் மட்டும்தான் கணக்கில் வரும் என்று மாதம் தொடங்கிய கையோடு விதியை மாற்ற வேண்டி வந்தது. 2023இல் ரீசேர்ட்டையே நிறுத்திவிட்டார்கள்.

சரி. ஆனால் அவர்கள் செய்தது பிழை திருத்தம் இல்லையே? பிழை இல்லாத இடத்தில் போய்க் கை வைத்தார்கள். போலி டொக்டர் பிடிபட்டால் ஊசியையே தடை செய்வோமா?

கிட்ஹப் 2017இல் திறந்த மூல உலகத்தில் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தியது. ஆவணங்கள் அரைகுறையாக, பழசாகக் கிடப்பதைக் கண்டிருக்கிறோம் என்று 93 வீதமானவர்கள் சொன்னார்கள். பங்களிக்கிறவர்களில் 60 வீதமானவர்கள் ஆவணப் பக்கம் அரிதாகத்தான் போவோம், அல்லது போகவே மாட்டோம் என்றார்கள். எல்லாருக்கும் வீடு அழுக்கென்று தெரியும், விளக்குமாறு எடுக்கத்தான் ஆளில்லை. இன்னொரு எண்ணும் அதில் இருக்கு: கிட்டத்தட்ட நாலில் ஒருவருக்கு ஆங்கில வாசிப்பும் எழுத்தும் அவ்வளவு திடமில்லை. எழுத்துப்பிழை முதலில் விழுத்துவது இவர்களைத்தான். ஆங்கிலம் தண்ணிபட்ட பாடாய் இருக்கிறவன் பிழையைத் தாண்டி வாசிச்சிடுவான். மற்றவர் அகராதியில் தேடுவார். நிறுவும் கட்டளையில் இரட்டைச் சிறுகோடு இருக்க வேண்டிய இடத்தில், எழுதினவரின் வேர்ட் புரோசசர் ஒரு நீட்டுக் கோடாய் மாற்றிவிட்டிருக்கும். அதை அப்படியே கொப்பி பண்ணிப் போட்டால் கம்ப்யூட்டர் ஏற்காது. "எனக்குத்தான் விளங்கேல்லைப் போல" என்று நினைத்து லெப்டொப்பை மூடிவிடுவார். பிழை அவரில் இல்லை என்று அவருக்குச் சொல்ல யாருமில்லை.

திருத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இணையமே சாட்சி. நீங்கள் ஒரு இணைப்பைச் சொடுக்கும்போது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறீர்கள் என்பதை உங்கள் பிரவுசர் அடுத்த தளத்துக்குச் சொல்ல ஒரு தலைப்புவரி உண்டு. அதன் பெயர் 'ரெஃபரர்'. ஆங்கிலத்தில் நாலு 'ஆர்' வர வேண்டிய சொல், மூன்றோடு எழுதப்பட்டு 1996இல் வந்த எச்.ரி.ரி.பி. ஆவணத்திலும் அப்படியே ஏறிவிட்டது. கவனித்தபோது காலம் கடந்துவிட்டது, உலகம் முழுக்க மென்பொருள் அந்தப் பிழையை நம்பி எழுதப்பட்டுவிட்டது. இன்றைக்கும் அதுதான். பிறகு வந்த 'ரெஃபரர் பொலிசி' என்ற வரியில் சரியாக நாலு 'ஆர்' போட்டார்கள், ஆகவே இப்போது பிழையும் சரியும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தொம்சனிடம், திரும்பச் செய்வதென்றால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டதற்கு, 'கிரியேட்' என்ற கட்டளையில் விடுபட்ட கடைசி 'இ' எழுத்தைச் சேர்ப்பேன் என்றாராம். டொனால்ட் நூத் தன் புத்தகங்களில் பிழை கண்டுபிடிக்கிறவர்களுக்கு, அச்சுப்பிழையாக இருந்தாலும், 2.56 டொலருக்குக் காசோலை எழுதினார். பலர் அதை மாற்றாமல் ஃபிரேம் போட்டு வைத்தார்கள். கணினியியலின் பெரிய தலைக்கு இல்லாத வெட்கம் எங்கட பட்ச்காரனுக்கு எங்கிருந்து வந்தது?

இனி எங்கட வீட்டுக்கு வருவம்.

பஸ்ஸில் 'கர்ப்பிணித் தாய்மாருக்கு' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'நாய்மாருக்கு' என்று எழுதியிருந்த அந்தப் படம் உங்கள் ஃபோனுக்கும் வந்திருக்கும். த, ந. எழுதினவருக்குத் தமிழ் தெரியாது, சரிபார்க்க ஆள் வைக்கவில்லை. 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. 1991இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்குச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் காலி வீதி நெடுக, வெள்ளவத்தை தாண்டினாலும் தாண்டாவிட்டாலும், பலகைகளில் எங்கட மொழி நொண்டிக்கொண்டுதான் நிற்குது. கோபம் நியாயமானது. அந்தக் கோபத்தை நான் குறைச்சுச் சொல்லேல்லை.

ஆனால் பலகையில் ஏறி நாங்கள் பெயின்ட் அடிக்க முடியாது. ஃபயர்ஃபொக்ஸின் தமிழை, லிப்ரே ஒஃபிஸின் தமிழை, விக்கிப்பீடியா இடைமுகத்தின் தமிழைத் திருத்த யாரிடமும் மனுக் குடுக்கத் தேவையில்லை. பிரவுசரிலேயே செய்யலாம். சில திட்டங்களில் கணக்குக்கூட வேண்டாம், பரிந்துரையை எழுதிவிட்டு வரலாம். பலகையைப் படம் பிடிச்சுப் போடுற ஆட்களில் எத்தனை பேர் இதைச் செய்திருக்கிறம்? கேட்டால், "தமிழில போட்டா ஒண்டும் விளங்காது மச்சான், நான் ஃபோனை இங்கிலிஷ்ல வச்சிருக்கன்." மொழிபெயர்ப்பு மோசம் என்று பாவிக்கிறதில்லை. பாவிக்காததால் பிழை கண்ணில் படுவதில்லை. படாததால் யாரும் திருத்துவதில்லை. அரசாங்கம் செய்தால் அவமதிப்பு, நாங்கள் செய்தால் பிராக்டிகல்.

இதில் கலைப்பீடத்துக்கு மட்டும் தெரிகிற பிழைகளும் இருக்கு. 'ஔ' என்பது ஒரு எழுத்து. பலர் அதை 'ஒ', 'ள' என்று இரண்டாகத் தட்டுவார்கள். 'பௌத்தம்' என்பதை 'ெ' போட்டு, பிறகு 'ள' போட்டு எழுதுவார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்று. மெஷினுக்கு வேறு வேறு சொல். ஔவையாரைத் தேடினால் பாதி ஔவையார் அகப்படமாட்டார். கண்பார்வை தெரியாதவருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருள் அதைப் பிழையாகத்தான் வாசிக்கும். எவ்வளவு பெரிய புரோகிராமராக இருந்தாலும் எழுத்திலக்கணம் தெரியாவிட்டால் இது பிழை என்றே அவருக்குத் தோன்றாது. ஆறுமுக நாவலர் பதிப்பென்றால் பிழையில்லாத பதிப்பு என்று பெயர் வாங்கிய ஊரிலிருந்து வந்தவர்கள் நாங்கள். தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியபோது அதைக் கட்டியெழுப்பிய இ. மயூரநாதன் யாழ்ப்பாணத்தவர். தொழிலால் அவர் கட்டடக்கலைஞர், புரோகிராமர் இல்லை.

திருத்துகிற ஆட்களிடமும் எனக்கு ஒரு சண்டை இருக்கு. எது பிழை? தமிழ்நாட்டில் 'கணினி'. இங்கே பேப்பரிலும் கடைப் பலகையிலும் 'கணனி'. 'கணி' என்ற அடியிலிருந்து வருவதால் கணினிதான் சரி என்பார்கள். கணக்கிடுதல் என்ற பொருளில் 'கணனம்' என்றும் ஒரு சொல் இருக்கு. ஜூலையா யூலையா? டி.வி.யா ரி.வி.யா? லினக்ஸில் இந்தியத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் தனித்தனி வட்டார அமைப்பு இருந்தாலும், பெரும்பாலான மென்பொருள்களில் மொழிபெயர்ப்புக் கோப்பு ஒன்றே ஒன்றுதான், 'தமிழ்' என்று. அதில் ஆறு கோடிக்கும் மேற்பட்டோர் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். யார் அதிகம் வந்து எழுதுகிறார்களோ அவர்கள் தமிழ் நிற்கும். இதில் சதி ஒன்றும் இல்லை. கணியம் போன்ற இடங்களில் அவர்கள் 2012இலிருந்து உட்கார்ந்து வேலை செய்கிறார்கள், நாங்கள் வட்ஸ்அப்பில் சிரிச்சுக்கொண்டிருக்கிறம்.

எனக்கு 'கணனி' தான் வாயில் வரும். மேலே ஒரு இடத்தில் 'கணினியியல்' என்றுதான் எழுதியிருக்கிறேன், ஏனென்றால் 'கணனியியல்' என்று எழுதிப் பார்த்தேன், எனக்கே ஒரு மாதிரி இருந்தது. இரண்டையும் ஏற்கிற சொற்பட்டியல் ஒன்று வேணும் என்பது என் கட்சி. ஒன்றுதான் வேணும் என்கிறவர்கள் கொட்டாஞ்சேனையிலும் இருக்கிறார்கள், கோயம்புத்தூரிலும் இருக்கிறார்கள். அந்த வாதத்தை கிட்ஹப்பின் கருத்துப் பெட்டியில் தமிழிலேயே நடத்தலாம், அங்கே ஒருவரும் தடுக்க மாட்டார்கள்.