ஆகாயத்தில் கல் வைக்க முடியுமா?

தொப்பூர் கணவாய் லாரி டிரைவர்களுக்குத் தெரியும். டீசலை மிச்சம் பிடிக்க நினைத்து, இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விடக் கூடாது. பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். அப்படி நடந்த விபத்துகள் எத்தனை!

சேலத்தில் இருந்து மேடு ஏறும்போது என்ஜின் நின்றுவிட்டால்? டிரைவர் பிரேக்கை மிதிப்பார். கிளீனர் குதித்து, சக்கரத்துக்கு அடியில் கல்லை வைப்பார். பிறகு இருவரும் ஆளுக்கொரு பீடி பற்ற வைப்பார்கள்.

ஆகாயத்தில் கல் வைக்க முடியுமா?

விமானம் தரையை விட்டுக் கிளம்பிய சில வினாடிகள் மிகவும் ஆபத்தானவை. உயரமும் இல்லை, வேகமும் இல்லை. அப்போது என்ஜின் நின்றால், "ஓடுபாதைக்கே திரும்பிவிடலாம்" என்று விமானிக்கு ஆசை வரும். அந்த ஆசைதான் எமன்! திரும்பும்போது விமானம் ஒரு பக்கம் சாயும். சாய்ந்தால், அதைத் தாங்க இன்னும் அதிக வேகம் வேண்டும். வேகம் இல்லாவிட்டால் பொத்தென்று விழும். அதனால், "மூக்கைத் தாழ்த்து, எதிரே தெரியும் வெட்டவெளியில் இறக்கு" என்றே பயிற்சியில் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

பாடம் சரி. விமானம் சரியாக இருக்க வேண்டாமா?

நம் நாட்டிலேயே எச்.ஏ.எல். செய்த "தீபக்" என்ற எச்.பி.டி.-32 பயிற்சி விமானத்தில் 17 விபத்துகள் நடந்தன. 19 விமானிகள் மாண்டார்கள். பறக்கும்போதே என்ஜின் நின்றுவிடுகிறது என்பதுதான் பெரிய புகார். ஆபத்தில் விமானியை வெளியே தூக்கி எறிந்து, பாராசூட்டில் இறக்கும் ஆசனமும் அதில் கிடையாது. 2009 ஜூலை 31-ந் தேதி மேடக் மாவட்டத்தில் இருவர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் நிறுத்தினார்கள்.

முன்பே நிறுத்தியிருக்க வேண்டும் என்பேன். நம் நாட்டுச் சரக்கு என்ற பெருமை எனக்கும் உண்டு. அதற்காகப் பெற்றவர்கள் பிள்ளையைக் கொடுக்க முடியுமா? விமானம் முழுவதையும் தாங்கும் பாராசூட்டைக் கட்டலாமா என்றுகூட யோசித்தார்கள். ஒழுகும் கூரையை விட்டுவிட்டு, வீட்டுக்குள் குடை பிடிப்பது போல!

2013-ல் சுவிட்சர்லாந்தின் பிளாட்டஸ் விமானங்கள் வந்தன. இவற்றில் அந்த ஆசனம் உண்டு. 2025 நவம்பர் 14-ந் தேதி தாம்பரம் அருகே ஒன்று விழுந்தது. விமானி பாராசூட்டில் இறங்கிப் பிழைத்தார். ஆனால், 2023 டிசம்பரில் ஐதராபாத் பக்கத்தில் விழுந்த அதே ரக விமானத்தில் இருவர் இறந்தார்கள். ஆசனம் மட்டும் போதாது.

எச்.டி.டி.-40 என்ற புதிய பயிற்சி விமானத்தையும் நாமே செய்திருக்கிறோம். சந்தோஷம். அதில் கோளாறு தெரிந்தால், எத்தனையாவது விபத்தில் நிறுத்துவீர்கள்? இப்போதே சொல்லிவிடுங்கள்.