'நாளையில இருந்து வராதே'ன்னு சொன்னா போதுமா? ஆளை நிறுத்தும் முன் சிறு முதலாளிகள் தெரிஞ்சுக்க வேண்டியவை

"கணக்கை முடிச்சுக்கோ, நாளையில இருந்து வர வேண்டாம்." துணிக்கடை முதல் சின்ன ஐடி நிறுவனம் வரை அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. ஆனால் தமிழ்நாட்டில் வாய்வார்த்தையாக இப்படி ஒருவரை நிறுத்துவது, முதலாளிக்கே வினையாக முடியலாம். "நம்ம கடையில மூணு பேர்தான், சட்டமெல்லாம் பெரிய கம்பெனிக்கு" என்ற நினைப்பும் தவறு.

சட்டம் என்ன சொல்கிறது?

1947-ம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-வது பிரிவுதான் இதில் முக்கியம். தொடர்ந்து 6 மாதம் வேலை பார்த்த ஒருவரை நியாயமான காரணம் இல்லாமல் நிறுத்த முடியாது. காரணம் இருந்தாலும் ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும். இல்லையென்றால் ஒரு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

கல்லாவில் கை வைத்தாலும் நோட்டீஸா?

திருட்டு போன்ற ஒழுங்கீனத்துக்கு நோட்டீஸ் தேவையில்லை. ஆனால் விசாரணை கட்டாயம். என்ன குற்றச்சாட்டு என்று எழுத்தில் கொடுத்து, பதில் சொல்ல அவகாசம் தந்து, ஆதாரத்தைப் பதிவு செய்ய வேண்டும். நீக்கப்பட்டவர் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். பல முதலாளிகள் சறுக்குவது இங்கேதான். புகார் உண்மையாகவே இருந்தாலும், கையில் ஒரு காகிதம்கூட இல்லையென்றால் அதை நிரூபிப்பது கஷ்டம்.

வியாபாரம் டல், ஆளைக் குறைக்கணும்னா?

இதற்குத் தனி விதி. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி, ஓராண்டு பணி முடித்த தொழிலாளருக்குக் காரணத்தைக் குறிப்பிட்டு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். அதோடு, முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி சம்பளம் இழப்பீடு. பொதுவாக, அந்தப் பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரைத்தான் முதலில் அனுப்ப வேண்டும். மேலாளர் நிலையில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது.

பாக்கி சம்பளம் எப்போ?

"அடுத்த மாசம் வா, பார்க்கலாம்" என்று இழுத்தடிக்க முடியாது. ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, நீக்கினாலும் அவரே ராஜினாமா செய்தாலும் 2 வேலை நாட்களுக்குள் கணக்கை முடிக்க வேண்டும்.

10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் 5 ஆண்டு முடித்தவருக்கு, 30 நாட்களுக்குள் கிராஜுவிட்டியும் தர வேண்டும். உதாரணமாக, கணக்கில் எடுக்கும் மாத ஊதியம் ரூ.18,000, சர்வீஸ் 6 ஆண்டு என்றால், 18,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆலும் 6-ஆலும் பெருக்கினால் சுமார் ரூ.62,300 வரும்.

மகப்பேறு விடுப்பில் இருக்கும் பெண்ணை அந்தக் காரணத்துக்காக நீக்குவது சட்டவிரோதம்.

இப்போதே என்ன செய்யலாம்?

சேரும் நாளிலேயே பணி நியமனக் கடிதம் கொடுங்கள். சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடுங்கள். தவறு நடந்தால் அன்றைக்கே மெமோ கொடுத்து, பதிலை வாங்கி வையுங்கள். கோபத்தில் முடிவெடுக்காமல், நிறுத்தும் கடிதம் கொடுக்கும் முன் ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். அந்தச் செலவு, பின்னால் வரும் வழக்குச் செலவைவிடக் குறைவு.